கற்பூர புத்தியும் சில மில்லி விநாடிகளும்

சொன்னவுடன் பற்றிக்கொள்ளும் பிள்ளைக்குக் கற்பூர புத்தி. ஊதி ஊதிப் பற்றவைத்தால் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்குக் கரித்துண்டு புத்தி. என்ன ஊதினாலும் புகை மட்டும் வந்தால் வாழைத்தண்டு. வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் இந்தப் பாகுபாட்டில் மூன்றையும் பிரிப்பது தீப்பிடிக்க ஆகும் நேரம் ஒன்றுதான். பிடித்த தீ எவ்வளவு நேரம் நிற்கும், அதில் எத்தனை படி சோறு வேகும் என்று யாரும் கேட்பதில்லை. நம்முடைய மற்றச் சொற்களும் இப்படித்தான். ‘மந்தம்’ என்றால் மெதுவானது. தென்றலை மந்தமாருதம் என்பது அதனால்தான். அதே சொல்லோடு புத்தியைச் சேர்த்தால் வசவாகிவிடுகிறது. இப்போதைய பிள்ளைகள் ‘டியூப்லைட்’ என்கிறார்கள். எரியும், ஆனால் சுவிட்சைப் போட்டபின் இரண்டு தடவை மினுக்கிவிட்டுத்தான்.

விருந்துக்கு வந்த மாமா சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “ஏழெட்டு எவ்வளவுடா? டக்குனு சொல்லு பாப்போம்” என்கிறார். பையன் விட்டத்தைப் பார்க்கிறான். மூன்று விநாடி. அதற்குள் அவன் தங்கை “அம்பத்தாறு” என்று கத்திவிடுகிறாள். “இவ படு ஷார்ப்பு” என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்த மூன்று விநாடியில் பையன் தலைக்குள் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. அவனைப் பற்றி அந்த வீட்டில் ஒரு அபிப்பிராயம் மட்டும் உருவாகிவிட்டது.

வேகம்தான் அறிவா? ஆய்வாளர்கள் 140 ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது இன்று உறுதியாகிவிட்ட சங்கதி. ஆனால் அவர்கள் அளக்கும் வேகமும் மாமா அளக்கும் வேகமும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் பிடிபடாமல் போவதால் எத்தனையோ பிள்ளைகள் தேவையில்லாத பட்டத்தைச் சுமக்கிறார்கள் என்பதால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலை இழந்த உதவியாளர்

மனதின் வேகத்தை அளக்கும் கதை ஒரு வானாய்வகத்தில் தொடங்குகிறது. 1796இல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் டேவிட் கின்னபுரூக் என்ற உதவியாளருக்கு வேலை போனது. தொலைநோக்கிக்குள் இருக்கும் மெல்லிய கம்பியை ஒரு நட்சத்திரம் கடக்கும் கணத்தைக் குறிப்பது அவர் பணி. கண் நட்சத்திரத்தின் மேல் இருக்கும். காது கடிகாரத்தின் டிக் ஒலியை எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டு டிக்குகளுக்கு நடுவே எந்தப் புள்ளியில் கம்பியைத் தாண்டியது என்று பத்தில் ஒரு பங்கு துல்லியமாக மனக்கணக்காகவே சொல்ல வேண்டும். அரசு வானியலாளர் நெவில் மாஸ்கலைன் குறித்த நேரத்துக்கும் கின்னபுரூக் குறித்த நேரத்துக்கும் 0.8 விநாடி இடைவெளி விழுந்தது. கவனக்குறைவு என்று முடிவுகட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சுமார் கால் நூற்றாண்டு கழித்து ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் இந்தப் பழைய குறிப்பைப் படித்துவிட்டு, தேர்ந்த வானியலாளர்களையே ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தார். யாருடைய நேரமும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு தாமதம் இருந்தது. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் அதை மனம் ஒன்றுசேர்ப்பதற்கும் நேரம் பிடிக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. கின்னபுரூக் தவறே செய்யவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகும் நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று பெரிய உடலியங்கியல் அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். யோகன்னஸ் மியூல்லர் அப்படி நம்பியவர். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் கால் நரம்பை வைத்து அளந்தே காட்டினார்: விநாடிக்கு 30 மீட்டருக்குப் பக்கத்தில். ஓர் எக்ஸ்பிரஸ் ரயிலின் வேகம், அவ்வளவுதான். 1868இல் நெதர்லாந்தின் டோண்டர்ஸ் இன்னும் ஒரு படி போனார். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த ஒரு நேரம் ஆகிறது. இரண்டு விளக்கில் எது எரிந்ததோ அதற்குரிய பொத்தானை அழுத்த அதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவது ‘தேர்ந்தெடுக்கும்’ நேரம். எண்ணத்தின் விலையை மில்லி விநாடியில் சொல்ல முடியும் என்று காட்டிய கழித்தல் அது.

மூன்று பென்ஸ் கொடுத்து அளந்துகொண்டவர்கள்

இந்த வேகத்தை அறிவோடு முடிச்சுப் போட்டவர் பிரான்சிஸ் கால்டன். 1884இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் அளவைக் கூடம் ஒன்றைத் திறந்தார். மூன்று பென்ஸ் கொடுத்தால் உயரம், எடை, கைப்பிடி வலு, பார்வைக் கூர்மை எல்லாவற்றையும் அளந்து சீட்டு எழுதித் தருவார்கள். 9,000 பேருக்கும் மேல் வரிசையில் நின்று அளந்துகொண்டார்கள். அறிவு என்பது புலன்களின் கூர்மையில் இருந்துதான் வருகிறது, ஆகவே கூர்மையையும் வேகத்தையும் அளந்தால் அறிவாளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது கால்டனின் நம்பிக்கை. மனிதர்களைத் தரம்பிரித்து ‘மேலான’ வம்சத்தை வளர்க்கலாம் என்ற விபரீதக் கொள்கையின் தந்தையும் அவர்தான். இந்தத் துறையின் வேரில் அந்த நஞ்சு இருக்கிறது என்பதை மறக்காமல்தான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் இதே வழியில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களை அளந்தார். அவரிடம் படித்த கிளார்க் விஸ்லர் 1901இல் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, எதிர்வினை நேரத்துக்கும் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் இடையிலான தொடர்பு, தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1 என்ற அளவில், வெறும் 0.02. கிட்டத்தட்ட பூஜ்யம். விஸ்லர் மானிடவியல் பக்கம் போய்விட்டார். 1905இல் பாரீசில் ஆல்ஃபிரட் பினே விநாடிக் கணக்கை ஒதுக்கிவிட்டு, புரிந்துகொள், விளக்கு, ஒப்பிடு என்று நேரடியாகச் சிந்தனையையே கேட்கும் சோதனையை உருவாக்கினார். நாம் இன்று ஐ.க்யூ. என்று சொல்வது அந்த வழியில் வந்தது. வேகக் கேள்வி அரை நூற்றாண்டுக்குமேல் கிடப்பில் போனது.

விஸ்லரின் கணக்கில் என்ன பிசகு? வீட்டிலேயே பார்த்துவிடலாம். 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றை எடுங்கள். ஒருவர் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். நீங்கள் கீழே பூஜ்யக் கோட்டுக்கு நேராகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்திருங்கள். சொல்லாமல் விடட்டும், விழும்போது பிடியுங்கள். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் நேரம் சுமார் 175 மில்லி விநாடி. 20இல் பிடித்தால் சுமார் 200. இதைப் பத்துத் தடவை செய்து எழுதிப் பாருங்கள். ஒருமுறை 14, அடுத்தமுறை 22, அப்புறம் 17 என்று வரும். உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் உள்ள வித்தியாசத்தைவிட உங்களுக்கும் உங்களுக்குமே உள்ள வித்தியாசம் பெரிதாக இருக்கும். விஸ்லர் கணக்கிட்ட மாணவர்களை அப்படி ஒருசில தடவைதான் அளந்திருந்தார்கள். அத்தோடு எல்லோரும் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம்பிடித்தவர்கள். அறிவு வித்தியாசம் அவர்களுக்குள் சுருங்கித்தான் இருந்திருக்கும். உயரத்துக்கும் கூடைப்பந்து ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்று ஆறரை அடி ஆட்டக்காரர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பூஜ்யம் வருவதில் வியப்பென்ன?

பெட்டியும் இரண்டு கோடுகளும்

1970களில் கேள்வி திரும்பி வந்தது. கலிஃபோர்னியாவில் உளவியலாளர் ஆர்தர் ஜென்சன் ஒரு பெட்டி வைத்திருந்தார். நடுவில் ஒரு பொத்தான். அதைச் சுற்றி அரைவட்டமாக எட்டு விளக்குகள். ஒவ்வொரு விளக்குக்கும் கீழே ஒரு பொத்தான். நடுப் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விளக்கு எரிந்ததும் விரலை எடுத்து அந்த விளக்கின் பொத்தானைத் தொட வேண்டும். விரல் எழும்ப ஆகும் நேரம் தனி, எழும்பிய விரல் போய்ச்சேர ஆகும் நேரம் தனி. முதலாவது முடிவெடுக்கும் நேரம், இரண்டாவது கையின் நேரம். சாத்தியமான விளக்குகள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டிக்க இரட்டிக்க முடிவெடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒரே அளவு படிப்படியாகக் கூடும். 1952இல் ஹிக் கண்டறிந்த விதி இது. ஐ.க்யூ. மதிப்பெண்ணோடு கூடுதல் தொடர்பு காட்டியது இந்த முடிவெடுக்கும் நேரம்தான்.

ஜென்சன் 1969இல் எழுதிய கட்டுரையில், இனங்களுக்கு இடையிலான ஐ.க்யூ. வித்தியாசத்துக்குப் பிறப்பே காரணமாக இருக்கலாம் என்று வாதிட்டு இன்றுவரை கண்டிக்கப்படுபவர். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. அவருடைய பெட்டியின் அளவீட்டைச் சொல்வதால் அவருடைய அரசியலை வழிமொழிவதாக ஆகிவிடாது. அவரோடு ஒத்துப்போகாத பலரும் வேறு நாடுகளில் வேறு கருவிகளில் அளந்தும் அதே தொடர்பு கிடைத்திருக்கிறது.

அவற்றில் மிக அழகானது என்று நான் கருதுவது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விக்கர்ஸும் நெட்டல்பெக்கும் உருவாக்கிய சோதனை. திரையில் இரண்டு செங்குத்துக் கோடுகள், மேலே ஒரு கிடைக்கோட்டால் இணைக்கப்பட்டு, ஒரு கால் குட்டையான ஸ்டூல் மாதிரி தெரியும். எந்தக் கால் நீளம் என்று சொன்னால் போதும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் படம் தெரிவது 100 மில்லி விநாடி, 60, 40 என்று சுருங்கிக்கொண்டே போகும். பட்டென்று அதன்மேல் இன்னொரு படம் வந்து மூடி, கண்ணில் மிஞ்சும் நிழலையும் அழித்துவிடும். பதில் சொல்ல அவசரமே இல்லை. ஒரு நிமிடம் யோசித்துச் சொன்னாலும் சரி, காபி குடித்துவிட்டு வந்து சொன்னாலும் சரி. கைவேகம், வாய்வேகம், படபடப்பு எல்லாம் இங்கே கழன்றுவிடுகின்றன. எவ்வளவு குறைந்த நேரப் பார்வையில் உங்களுக்குச் சரியான விடை கிடைக்கிறது என்பது மட்டுமே அளவு. இதற்கும் ஐ.க்யூ.வுக்கும் உள்ள தொடர்பு, பல ஆய்வுகளைச் சேர்த்து, அளவீட்டுக் குறைகளைச் சரிசெய்து பார்த்தால், 0.5 அளவுக்கு வருகிறது.

பொதுமக்களில் எப்படி? 2001இல் இயன் டியரியும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில் மேற்கு ஸ்காட்லாந்தின் 900 பேர், எல்லோருக்கும் வயது 56க்கு அருகில். கல்லூரி மாணவர்களாகப் பொறுக்கியெடுத்த கூட்டம் இல்லை. ஒரே விளக்குக்கு எதிர்வினை காட்டும் நேரத்துக்கும் அறிவுச் சோதனைக்கும் தொடர்பு 0.31. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது 0.49. நேரம் குறையக் குறைய மதிப்பெண் கூடுகிறது என்பதால் கணக்கில் இதை எதிர்க்குறியோடு எழுதுவார்கள்.

0.49 என்றால் பெரிதா, சிறிதா? இப்படிப் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தை வேகமானவர்கள் பாதி, மெதுவானவர்கள் பாதி என்று இரண்டாகப் பிரித்தால், வேகமான பாதியில் இருக்கும் மூவரில் ஏறக்குறைய இருவர் அறிவுச் சோதனையிலும் மேல்பாதியில் இருப்பார்கள். மூன்றாமவர் கீழ்ப்பாதியில். மெதுவான பாதியிலும் அதே கதைதான். மூவரில் ஒருவர் மேலே இருப்பார். விஞ்ஞானத்துக்கு இது பெரிய தொடர்பு. ஒரு பொத்தானை அழுத்துவதிலிருந்து இவ்வளவு தெரிகிறதே என்று வியக்கலாம். ஒரு பிள்ளையின் தலையெழுத்தை எழுதுவதற்கு இது போதவே போதாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் எதிர்வினைச் சோதனைகளில் “உங்கள் மூளை வயது இவ்வளவு” என்று வருவதை நம்பாதீர்கள். சாதாரணத் திரை ஒவ்வொரு 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. விசைப்பலகையும் தொடுதிரையும் தம் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். கால்டன் காலத்து மக்களின் நேரம் இன்றைய மக்களின் நேரத்தைவிடக் குறைவு, ஆகவே விக்டோரியா காலத்தவர் நம்மைவிட அறிவாளிகள் என்று 2013இல் ஓர் ஆய்வு சொல்லிப் பரபரப்பானது. கருவிகள் வேறு, அளக்கவந்த கூட்டம் வேறு, இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று உடனே மறுப்புகள் எழுந்தன. மறுத்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

வெண்டைக்காய்க் கணக்கு

‘வேகம்’ என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ரோஜர் ராட்கிளிஃப் 1978இல் முன்வைத்த கணித மாதிரி இவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. அந்தக் கணிதத்தை மறந்துவிட்டுச் சந்தைக்கு வாருங்கள்.

இரண்டு பெண்கள் வெண்டைக்காய் வாங்க வருகிறார்கள். குவியல் இளசா, முற்றலா என்று முடிவெடுக்க வேண்டும். இருவரும் நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள். முதல் பெண்ணுக்கு விரல் பழக்கம் அதிகம். ஒவ்வொரு காய் ஒடியும்போதும் அவளுக்குத் தெளிவான செய்தி கிடைக்கிறது. இரண்டாவது பெண்ணுக்கு ஒரு காயிலிருந்து கிடைக்கும் செய்தி கொஞ்சம் மங்கல். இது முதல் விஷயம்: சான்று சேரும் வேகம். இனி, எத்தனை காய் ஒடித்த பிறகு “சரி, போடுங்க” என்பார்கள்? ஒருத்தி இரண்டே காயில் சொல்லிவிடுவாள். இன்னொருத்தி, கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை என்று பத்து காய் ஒடிப்பாள். இது இரண்டாவது: எச்சரிக்கை. மூன்றாவது, முடிவெடுத்த பின் பையைத் திறந்து பர்ஸை எடுத்துக் காசு கொடுக்கும் நேரம். அது கையின் வேலை.

கடையில் நின்ற மொத்த நேரத்தை மட்டும் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது அறிவுச் சோதனையோடு தொடர்பு காட்டுவது பெரும்பாலும் முதலாவது, சான்று சேரும் வேகம். எத்தனை காய் ஒடிப்பது என்பது பெரும்பாலும் சுபாவம், பழக்கம், தப்பாகிவிட்டால் திட்டு விழுமே என்ற பயம். மாமா கேட்ட ஏழெட்டுக்கு மூன்று விநாடி எடுத்த பையன் நான்காவது காயை ஒடித்துக்கொண்டிருந்திருக்கலாம். போன தடவை தப்பாகச் சொல்லி எல்லோரும் சிரித்தது அவனுக்கு நினைவு வந்திருக்கலாம்.

அதேபோல, ஒருவரின் நூறு முயற்சிகளை வேகமானதிலிருந்து மெதுவானது வரை அடுக்கினால், அவருடைய மிக வேகமான முயற்சிகள் அவர் அறிவைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. அதிகம் சொல்வது மிக மெதுவான முயற்சிகள்தான். 1990இல் லார்சனும் ஆல்டர்டனும் இதைக் காட்டினார்கள். யாரும் ஒரு தடவை மின்னலாகப் பாய்ந்துவிடலாம். கவனம் நழுவாமல், இடையிடையே மனம் எங்கோ போய்விடாமல் நிற்பதுதான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

மூளைக்குள் இதற்கு அடிப்படை என்ன என்பதற்கு ஓரளவு விடை உண்டு. நரம்பிழையைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை உண்டு. உறை இல்லாத மெல்லிய இழையில் செய்தி விநாடிக்கு 2 மீட்டர்கூடத் தாண்டாது. தடித்த உறையுள்ள இழையில் 100 மீட்டரையும் தாண்டும். 1936இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர்களை முதுமையில் ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. மூளையின் இந்த இணைப்புக் கம்பிகள் நன்றாக இருந்தவர்களுக்கு வேகமும் நன்றாக இருந்தது, அந்த வேகத்தின் வழியாகவே அறிவுச் சோதனை மதிப்பெண்ணும் என்று அது கண்டது.

கடினமான கணக்கு வரும்போது

இதுவரை சொன்ன சோதனைகள் எல்லாமே எளிதானவை. எது நீளம், எது எரிந்தது என்பதற்குமேல் எதுவும் இல்லை. நிஜமாகவே கடினமான கேள்வி வந்தால்?

பெர்லின் சாரிட்டே மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2023இல் 650 பேரின் தரவுகளை வைத்து இதைப் பார்த்தார்கள். எளிய கேள்விகளில் அறிவுச் சோதனை மதிப்பெண் அதிகமுள்ளவர்கள் வேகம். கேள்வி கடினமாக ஆக, அதே ஆட்கள் மற்றவர்களைவிட மெதுவானார்கள். தவறுகளும் குறைவாகச் செய்தார்கள். ஒவ்வொருவரின் மூளை இணைப்புகளையும் கணினியில் மாதிரியாக்கிப் பார்த்தபோது ஒரு விளக்கமும் கிடைத்தது. மூளையின் பகுதிகள் நன்றாக ஒத்திசைந்து இயங்கினால், பிரச்சினையின் முதல் பகுதிக்கு விடை வரும்வரை அடுத்ததற்குத் தாவாமல் பொறுக்க முடிகிறது. ஒத்திசைவு குறைந்தால் முழுத் தகவல் சேருமுன்பே முடிவுக்குக் குதித்துவிடுகிறது. கடைசிப் பகுதி கணினி மாதிரியின் முடிவு என்பதால் அதை உறுதியான உண்மையாகச் சொல்லத் தயங்குகிறேன். ஆனால் கடினமான கேள்விக்குக் கூடுதல் நேரம் செலவிடுவது நல்ல விடையோடு சேர்ந்துவருவதை 2014இல் வந்த இன்னோர் ஆய்விலும் கண்டிருக்கிறார்கள்.

கணிதத்தின் உச்ச விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 1950இல் பெற்றவர் லாரன் ஷ்வார்ட்ஸ். பள்ளியில் தான் எப்போதும் மெதுவாகவே இருந்ததாகவும், அதனால் தனக்கு அறிவு இல்லையென்றே நினைத்துக்கொண்டிருந்ததாகவும் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 2014இல் அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் மரியம் மிர்சாகானியும் தான் மெதுவாக யோசிப்பவள் என்றே சொன்னவர். அவர்களுடைய மில்லி விநாடி வேகத்தை யாரும் அளக்கவில்லை. ஒருவேளை அது அபாரமாகவே இருந்திருக்கலாம். வகுப்பறையில் கண்ணுக்குத் தெரிந்த வேகம் அவர்களிடம் இல்லை, அதைத்தான் சொல்ல முடியும். இந்த விஷயத்தில் நம் பழைய புலவர்கள் நிதானமாக இருந்திருக்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் பாடுவதை ஆசுகவி என்றார்கள்; காளமேகத்தைக் கொண்டாடினார்கள். ஆனால் ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்ற நான்கில் ஒன்றாகத்தான் அதை வைத்தார்கள்.

வேகத்தைக் கூட்டினால் அறிவு கூடுமா? ஜெர்மனியில் ஆனா-லேனா ஷூபெர்ட்டும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மூளையலைகள் எழும் வேகத்துக்கும் பொது அறிவாற்றலுக்கும் 0.89 என்ற மலைக்கவைக்கும் தொடர்பு வந்தது. பங்கேற்றவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதே குழு அடுத்த ஆண்டு நேரடியாகவே சோதித்தது. நிகோடின் கொடுத்துப் பார்த்தார்கள். செய்தி கையாளும் வேகம் கூடியது. அறிவுச் சோதனை மதிப்பெண் அசையவில்லை. ஆகவே வேகம்தான் அறிவை உண்டாக்குகிறது என்பதைவிட, மூளையின் ஏதோ ஓர் அமைப்புச் சிறப்பு இரண்டுக்கும் பொது வேராக இருக்கிறது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அடிலெய்டின் அந்த இரண்டு கோடுகளும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. 1981இலும் 2001இலும் ஒரே ஆரம்பப் பள்ளியின் பிள்ளைகளை நெட்டல்பெக் அளந்தார். இருபது ஆண்டுகளில் சொல்வளச் சோதனையில் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் ஐ.க்யூ. மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்ததோடு ஒத்துப்போகும் முன்னேற்றம்தான். கோடுகளைப் பார்க்கத் தேவைப்பட்ட நேரமோ கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பள்ளி, புத்தகம், வீட்டுப் பேச்சு, சத்துணவு இவை உயர்த்துவது எதுவோ, அது வேகத்தின் வழியாக வரவில்லை.

வயதானவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. எண்ணையும் குறியீட்டையும் பொருத்தி எழுதும் வேகம் பதின்ம வயது முடியும்போதே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. சொல்வளமோ அறுபதைத் தாண்டியும் வளர்கிறது. அந்த இறக்கத்தை மூளைச் சரிவு என்றே நெடுநாள் நினைத்தார்கள். 2022இல் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேரின் தரவை வெண்டைக்காய்க் கணக்கைப் போலப் பிரித்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்குமேல் பதில் நேரம் நீள்வது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் எச்சரிக்கை கூடுவதும் கை மெதுவாவதும். சான்று சேரும் வேகம் அறுபது வயதுவரை அநேகமாகக் குறையவே இல்லை. பேங்க் கவுண்டரில் சலானை இரண்டு தடவை சரிபார்க்கும் பெரியவருக்குப் பின்னால் நின்று உச்சுக்கொட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உளவியலாளர் தரும் தாளில்

பெற்றோர்களுக்கு இந்த விஷயம் கையில் வருவது பெரும்பாலும் உளவியலாளர் தரும் அறிக்கையாக. வெக்ஸ்லர் வகை அறிவுச் சோதனைகளில் ‘கோடிங்’ என்று ஒரு பகுதி உண்டு. தாளின் மேலே ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சிறு குறி கொடுத்திருக்கும். கீழே எண்கள் வரிசையாக இருக்கும். அதனதன் கட்டத்தில் உரிய குறியைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். 120 விநாடி. எத்தனை கட்டம் சரியாக நிரம்பியதோ அத்தனை மதிப்பெண். இதில் கண், கை, நினைவு, கவனம், பென்சில் பிடிக்கும் பழக்கம், நேர்த்தி மேல் இருக்கும் ஆசை எல்லாம் கலந்திருக்கின்றன. அடிலெய்டின் இரண்டு கோடுகள் எவ்வளவு சுத்தமான அளவோ, இது அவ்வளவு கலப்பான அளவு. கற்றல் குறைபாடு, கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியில்தான் பெரும்பாலும் மதிப்பெண் இறங்கும். அதையும் சேர்த்துக் கூட்டினால் மொத்த ஐ.க்யூ.வும் இறங்கிவிடும். அதனால்தான் வேகப் பகுதியையும் நினைவுப் பகுதியையும் கூட்டலிலிருந்து விலக்கி, பொதுத்திறன் மதிப்பெண் என்று தனியாகக் கணக்கிடும் வழியும் இருக்கிறது. பகுதிகளுக்கு இடையே இடைவெளி பெரிதாக இருந்தால், அதைக் கேட்டு வாங்குங்கள்.

நம் நாட்டில் தகுதியுள்ள மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் வீதம் தேர்வில் கூடுதல் நேரம் தர விதி உண்டு. அதைச் சலுகை என்று முணுமுணுப்பவர்கள், அந்த நேரத்தில் கைக்கும் கண்ணுக்கும் ஆகும் தாமதம்தான் ஈடுசெய்யப்படுகிறது என்பதை அறிய வேண்டும். 2025 நீட் தேர்வில் 180 நிமிடத்துக்கு 180 கேள்விகள். உயிரியல் தெரியுமா என்பதோடு, எத்தனை காய் ஒடித்துப் பார்க்கும் சுபாவம் என்பதையும் அது சேர்த்தே அளக்கிறது.

என் அக்கா மகனுக்குப் பத்து வயதில் இந்தச் சோதனை செய்தார்கள். சராசரி 100 என்ற கணக்கில் மொழிப் பகுதியில் 118. வேகப் பகுதியில் 80. அக்கா அந்த 80ஐ மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவனைத் தனியே மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், அந்தக் குறி போடும் விளையாட்டில் என்ன செய்தாய் என்று கேட்டேன். போட்ட குறி ஒன்றுகூடத் தப்பில்லை என்றான். பிறகு ஏன் நேரமாச்சு?

“ஒரு கோடு கட்டத்துக்கு வெளிய போயிடுச்சு சித்தி. ரப்பர் கேட்டேன், தரல. அதனால அது மேலயே திரும்பப் போட்டு நேராக்கிட்டேன்” என்றான்.